பாரமான போத்தல், பொன் ஸ்டிக்கர், பாதி விலை: வைன் வாங்கப் போகும் உறவுகள் கவனம்

பிரான்சில் செப்டெம்பர் பிறந்தால் வைன் மலிவு விற்பனைக் காலம். சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே மரப்பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். கலியாணம், பிறந்தநாள் என்று முன்னால் விசேஷம் இருக்கும் நம்மவர்கள் அந்த நேரம் பார்த்து மொத்தமாக வாங்கி வைப்பதும் வழக்கம். இந்த முறை காசை எடுத்துக்கொண்டு புறப்படுவதற்கு முன் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள்.

மகளுக்குக் கலியாண வரவேற்பு. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரப் பிள்ளை, சம்பந்தி வீட்டார் வைனுக்குப் பேர்போன பூர்கோஞ் பக்கம். அந்த ஊர் ஆட்களுக்குச் சாப்பாட்டு மேசையில் சோறு எப்படியோ, வைன் சரியாக இருக்க வேண்டும். அதனால் பாரிசுக்குப் பக்கத்து 93 ஆம் மாவட்டத்தில் இருக்கிற, நம்மாட்கள் நிறையப் போய்வருகிற ஒரு மதுக்கடைக்குப் போனேன். என்ன விசேஷம், யார் வருகிறார்கள், சாப்பாடு என்ன என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். கடையில் ஒரு தமிழ்த் தம்பியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நம்மாட்களைப் பிடிப்பதற்கென்றே வைத்திருக்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறது. அவர் ஒரு கறுப்புப் போத்தலை எடுத்து என் கையில் தந்தார்.

“அண்ணை, தூக்கிப் பாருங்கோ. பாரம் தெரியுதே? மலிவு வைனை இப்பிடிப் போத்தலில போடமாட்டினம். இது போர்தோவில பெரிய இடத்துச் சாமான். 38 யூரோ, உங்களுக்கு 19.”

போத்தல் உண்மையில் இரும்புக் குண்டு மாதிரித்தான் கனத்தது. வாயில் சிவப்பு மெழுகு. கண்ணாடியிலேயே புடைப்பாக ஒரு முத்திரை. லேபலில் இரண்டு கோபுரம் வைத்த கோட்டை, அதன் கீழே பொன் எழுத்தில் ‘கிரான் ரிசேர்வ்’, அதற்கும் கீழே ‘வியெய் வீஞ்’, அதாவது முதிய கொடிகளின் திராட்சையாம். கழுத்தடியில் வட்டமான பொன் ஸ்டிக்கர். பத்துப் பெட்டி, பெட்டிக்கு ஆறு போத்தல், மொத்தம் 1,140 யூரோ. கார்ட்டில் கட்டினேன்.

வரவேற்பு அன்று நம்மாட்களில் சிலர் போத்தலைக் கையில் எடுத்து, “உது விலையான சாமானடா” என்று ஆளுக்காள் காட்டிக்கொண்டார்கள். சம்பந்தி ஒரு வாய் வைத்தார். கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டு மகனின் காதில் என்னவோ சொன்னார். மரியாதையான மனுசன், அதன்பிறகு இரவு முழுக்கத் தண்ணீர்தான் குடித்தார். நானும் குடித்துப் பார்த்தேன். முன்னுக்கு ஒரு இனிப்பு, அப்புறம் தொண்டையில் எரிவு, நடுவில் ஒன்றுமே இல்லை.

மீதிப் போத்தலில் ஒன்றை நான் வேலை செய்கிற ரெஸ்டோரன்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் செஃப் வாங்கிய கையோடு முன்பக்கத்தைப் பார்க்காமலே போத்தலைத் திருப்பினார். பின்பக்க லேபலில், பார் கோடுக்குப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் மூன்று வரி. ‘வான் த ஃபிரான்ஸ்’. மதுசார அளவு. போத்தலில் அடைத்த கம்பனியின் மூன்று எழுத்துச் சுருக்கமும் 34 என்று தொடங்கும் ஒரு தபால் எண்ணும்.

அந்த மூன்று வரிதான் வைன், மிச்சமெல்லாம் அலங்காரம் என்றார் செஃப். ‘வான் த ஃபிரான்ஸ்’ என்றால் திராட்சை பிரான்சின் எந்த மூலையிலிருந்தும் வரலாம், பல இடத்து வைனைக் கலக்கலாம். 34 ஏரோ மாவட்டம், மொன்பெலியே பக்கம். போர்தோ இருக்கும் ஜிரோந்து மாவட்டத்துக்கு 33. தபால் எண் அடைத்தவரின் இடத்தைத்தான் சொல்லும், திராட்சை விளைந்த இடத்தைச் சொல்லாது என்பதும் உண்மை. ஆனால் போர்தோ வைனாக இருந்தால் ‘ஆப்பெலசியோன் போர்தோ’ (ஆப்பெலசியோன் என்றால் விளைந்த இடத்துக்குச் சட்டம் கொடுத்த பெயர்) என்றோ, அதற்குள் அடங்கும் மெதோக், கிராவ் போன்ற ஒரு பெயரோ லேபலில் இருந்தே தீரும். அப்படி ஒன்றும் இல்லை. கடைக்காரத் தம்பி வாயால் சொன்ன போர்தோ, போத்தலில் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை.

கோட்டைப் படத்தையும் கவனியுங்கள். ‘ஷத்தோ’, அதாவது கோட்டை, என்ற சொல்லை ஐரோப்பியச் சட்டப்படி ஆ-ஓ-சே, அதாவது ஆப்பெலசியோன் தரமுள்ள வைனுக்குத்தான் போடலாம். அதனால் இவர்கள் சொல்லை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். ‘ரிசேர்வ்’ என்பதற்கு பிரான்சில் குறைந்தபட்சம் இத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. ஸ்பெயினில் உண்டு: சிவப்பு வைனில் ‘ரெசேர்வா’ என்று போட மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது மரப்பீப்பாயில். ‘வியெய் வீஞ்’ கதையும் அப்படித்தான். கொடிக்கு எத்தனை வயது என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. உண்மையான போர்தோவிலும் ‘கிரான் வான் த போர்தோ’ என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம், மூன்று நான்கு யூரோப் போத்தலிலும் அது இருக்கும்.

போர்தோவின் செந்த் எமிலியோன் பகுதியில் இன்னொரு சிக்கல். அங்கே ‘கிரான் குரு’ (பெரிய தோட்டம்) என்பது ஆப்பெலசியோனின் பெயரிலேயே சேர்ந்தது, நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அதைப் போடலாம். தரப்படுத்தலில் வந்தவர்கள் ‘கிரான் குரு கிளாசே’ என்று போடுவார்கள். அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் விலை. 1855 ஆம் ஆண்டுத் தரப்படுத்தல் பட்டியலில் இருப்பவை மொத்தம் 61 சிவப்பு வைன் தோட்டங்கள்தான், மெதோக்கில் 60, கிராவில் ஒன்று, போனில் ஒரு நிமிடத்தில் தேடிப் பார்க்கலாம்.

பொன் ஸ்டிக்கர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எனக்கு அதிகம் வயிறு எரிந்தது அதில்தான். பாரிஸ் விவசாயக் கண்காட்சியோடு நடக்கும் கொன்கூர் ஜெனரால் அக்ரிகோல் போன்ற உண்மையான போட்டிகளின் பதக்கத்தில் போட்டியின் பெயரும் வருடமும் இருக்கும். கலந்துகொண்ட வைன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதக்கம் கொடுக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அந்த விகிதத்தைப் பார்த்தால் அதுவும் ஒன்றும் ஒலிம்பிக் இல்லை. என் போத்தலில் ஒட்டியிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தால் ‘செலெக்சியோன் ஓர்’, பொன் தெரிவு, அவ்வளவுதான். போட்டி இல்லை, வருடம் இல்லை. கடையே தெரிவுசெய்து கடையே ஒட்டிக்கொண்டது.

வெறும் போத்தலை அடுக்களைத் தராசில் வைத்தோம்: 910 கிராம். பக்கத்தில் கிடந்த சாதாரண போர்தோ போத்தல் 460. ஷாம்பெயின் போத்தல் பாரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு, உள்ளே கார் டயரைவிட அதிக அழுத்தம், மெல்லிய கண்ணாடி என்றால் வெடிக்கும். குமிழி இல்லாத சிவப்பு வைனுக்கு அந்தத் தேவை கிடையாது. போத்தலின் அடிக்குழி ஆழமாக இருந்தால் நல்ல வைன் என்று நம்மாட்களிடம் ஒரு கதை உலாவுகிறது, அதிலும் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கும் மெழுகுக்கும் போன காசு, உள்ளே ஊற்றியதில் குறைந்திருக்கிறது.

போத்தலைப் பார்த்துப் புகழ்ந்த நம்மாட்களை நான் குறை சொல்லமாட்டேன். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெதெரிக் புரோஷே என்ற ஆய்வாளர் ஒரே வைனை ஒருமுறை ‘கிரான் குரு’ போத்தலிலும், இன்னொருமுறை மலிவு மேசை வைன் போத்தலிலும் ஊற்றி, வைன் படிக்கிறவர்களுக்கே கொடுத்தார். முதலாவதை நிறைவானது என்றார்கள், இரண்டாவதைச் சப்பை என்றார்கள். படித்தவர்கள் நிலை அது.

‘வான் த ஃபிரான்ஸ்’ என்றாலே கழிவு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆப்பெலசியோன் விதிகள் பிடிக்காமல் வேண்டுமென்றே அதில் விற்கும் அருமையான சிறு தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் மறைப்பதில்லை. மூன்று எழுத்துச் சுருக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்களைத்தான் சொல்கிறேன். 2018 இல் நுகர்வோர், மோசடித் தடுப்புத் துறை ஸ்பெயினிலிருந்து மொத்தமாக இறக்கிய ரோசே பிரெஞ்சு வைனாக விற்கப்பட்டதை வெளியில் கொண்டுவந்தது. அப்போதும் சிலவற்றில் முன்பக்கம் பிரெஞ்சுக் கோட்டை, ‘ஸ்பெயின்’ என்ற சொல் தேடினாலும் அகப்படாத இடத்தில்.

கடைக்குத் திரும்பிப் போனேன். அந்தத் தம்பி கண்ணைக் காட்டவில்லை. முதலாளி போத்தலைத் திருப்பி, “எல்லாம் எழுதியிருக்கிறது மிஸியூ, சட்டப்படி பிழை இல்லை” என்றார். லேபல் விஷயத்தில் அவர் சொல்வது கிட்டத்தட்டச் சரி. கட்டாயத் தகவல்களில் முக்கியமானவை ஒரே பார்வையில் தெரிந்தால் போதும் என்பதுதான் விதி, அந்தப் பார்வை நாம் பின்பக்கம் என்று நினைக்கும் பக்கமாகவும் இருக்கலாம். கடையில் நேரில் வாங்கியதைத் திருப்பி எடுக்கும் கடமையும் அவருக்கு இல்லை. 14 நாள் உரிமை இணையத்திலோ தொலைபேசியிலோ வீட்டு வாசலிலோ வாங்கினால்தான். வைன் கண்காட்சிக் கூடங்களில் வாங்கினாலும் அது கிடையாது. அங்கே இனாமாக ஊற்றித் தந்த பிறகு பெட்டிக் கணக்கில் கையெழுத்து வாங்குகிறார்கள், கவனம்.

அவர் மாட்டியது விலையில். 38 ஐ வெட்டி 19 என்று எழுதிய அட்டையை நான் அன்றைக்கே படம் எடுத்து மனைவிக்கு அனுப்பியிருந்தேன். 2022 மே மாதத்திலிருந்து, தள்ளுபடி என்று அறிவித்தால் முந்தைய 30 நாட்களில் இருந்த ஆகக் குறைந்த விலையிலிருந்துதான் குறைத்துக் காட்ட வேண்டும். இந்த வைன் எப்போது 38 யூரோவுக்கு இருந்தது என்று கேட்டேன். கணக்காளரிடம் கேட்க வேண்டுமாம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அதற்கு மூன்று கிழமைக்கு முன் இதே போத்தலை இதே கடையில் 19 க்கு வாங்கிய ரசீது வைத்திருக்கிறார்.

இரண்டு ரசீதையும் அட்டைப் படத்தையும் ‘சிஞ்ஞால் கொன்சோ’ என்ற, நுகர்வோர் முறைப்பாட்டுக்கான அரசாங்கத் தளத்தில் போட்டுவிட்டேன். வாயால் போர்தோ என்று சொல்லி விற்றதையும் எழுதியிருக்கிறேன், ஆனால் அதற்குச் சாட்சி கிடையாது. கடை பதில் எழுதியிருக்கிறது: முறைப்பாட்டுக்கு ஆதாரம் போதாதாம், நல்லெண்ணத்துக்காக 100 யூரோ வவுச்சர் தருகிறார்களாம், அதே கடையில் செலவழிக்க. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசாரணை முடியும்வரை கடைப் பெயரை இங்கே போட முடியாது. கறுப்புப் போத்தல், சிவப்பு மெழுகு, இரட்டைக் கோபுரம், 38 வெட்டி 19. இதை வாங்கியவர்கள் ரசீதை எறியாமல் தனித்தனியாக முறைப்பாடு போடுங்கள். ஒரே கடைமேல் பல பேர் எழுதினால்தான் அதிகாரிகள் நேரில் வந்து கணக்குப் புத்தகம் கேட்க வாய்ப்பு அதிகம்.