வீட்டு மனையின் பழைய மண் பரிசோதனை, நில அளவை ஆவணங்களைத் தேடித் தரும் சேவை: ஒரு மதிப்பீடு

வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்ப எண்ணியபோது, கட்டமைப்புப் பொறியாளர் முதலில் கேட்டவை, வீடு கட்டுவதற்கு முன் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையும் மனையின் மூல அளவை வரைபடமும்தான். முந்தைய உரிமையாளர் என்னிடம் கொடுத்திருந்தவையோ ஒற்றைப் பக்கச் சுருக்கமும், நகலிலிருந்து நகலாக எடுத்து எழுத்து மங்கிப்போன ஒரு வரைபடமும் மட்டுமே. ஆகவே, பழைய மனை ஆவணங்களைத் தேடித் தரும் கட்டணச் சேவை ஒன்றிடம் இந்த வேலையை ஒப்படைத்தேன்.

அவர்கள் தேடிய முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்றைய மனை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், மனை பிரிக்கப்படுவதற்கு முன்பிருந்த எண், முந்தைய உரிமையாளர்களின் பெயர்கள், கட்டட அனுமதி பெற்ற ஆண்டு ஆகியவற்றையும் கேட்டு வாங்கினார்கள். உட்பிரிவின்போது எண் மாறிவிடுவதால், புதிய எண்ணை வைத்துக்கொண்டு பழைய பதிவேடுகளில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மண் பரிசோதனை அறிக்கை இறுதியில் கட்டட அனுமதிக் கோப்பின் இணைப்புகளுக்கு நடுவிலிருந்து கிடைத்தது.

அந்த அறிக்கையோடு துளைப்பதிவுத் தாள்களும் (மனையில் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மண் எப்படி இருந்தது என்று குறித்த தாள்கள்) சேர்ந்து வந்ததையே இச்சேவையின் பெரும்பயனாகக் கருதுகிறேன். இப்பரிசோதனையில், துளைக்குள் 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச்செய்து, மாதிரிக் குழாயை 45 செ.மீ. ஆழம் மண்ணுக்குள் இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. இறங்கத் தேவைப்பட்ட அடிகளை விட்டுவிட்டு, எஞ்சிய 30 செ.மீ.க்கான அடிகளின் எண்ணிக்கையை மண்ணின் உறுதிக்கு அளவுகோலாகக் கொள்வார்கள். சுருக்கத்தில் மனை முழுவதற்கும் ஒரே தாங்குதிறன் குறிக்கப்பட்டிருந்தது. பதிவுத் தாள்களிலோ, முன்பக்கத் துளையில் 18 ஆக இருந்த எண்ணிக்கை, பின்மூலைத் துளையில் அதே ஆழத்தில் 5 மட்டுமே இருந்தது. அங்கே மேலடுக்கில் இருப்பது கொட்டி நிரப்பிய மண் என்ற குறிப்பும் காணப்பட்டது. பின்சுவரில் பல ஆண்டுகளாக இருந்துவரும் விரிசலுக்குக் காரணத்தை எங்கே தேட வேண்டும் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. மூலப் பதிவு இல்லாத சுருக்கத்தை நம்பி யாரும் அஸ்திவாரத்தின் மேல் கூடுதல் பாரம் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அளவை வரைபடத்தில்தான் குறை நேர்ந்தது. 1:200 அளவில் வரையப்பட்ட தாளை, கணினியில் பக்கத்துக்குள் அடங்குமாறு சுருக்கி அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். 94 விழுக்காடாகச் சுருங்கிய தாளில் அளவுகோலை வைத்தால், 30 மீட்டர் பக்கம் 28.2 மீட்டராகத் தெரியும். எல்லைத் தகராறு ஏதேனும் இருந்திருந்தால் இந்த ஒரு பிழையே பெரும் குழப்பத்துக்கு வழிவகுத்திருக்கும். கோடுகளின் மேல் அளவர் கையால் எழுதிய தூரங்கள் இருந்ததால் பிழையைக் கண்டுகொண்டேன். சொன்னவுடன் தவறை ஒப்புக்கொண்டு, அளவுக்கோடு தெரியும்படி முழு அளவில் மறுபடியும் வருடி அனுப்பினார்கள்.

அளவர் களத்தில் எழுதிய குறிப்பேடு கிடைக்கவில்லை. எந்தெந்த இடங்களில் தேடினோம், எங்கே இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். அந்த நேர்மைக்கு என் மதிப்பீட்டில் தனி இடம் உண்டு. எல்லைக்கற்கள் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றனவா என்பதை எந்தப் பழைய வரைபடமும் சொல்லாது என்பதால், அதற்கு ஒரு நில அளவரைத் தனியாக அழைத்தேன். நிலத்தடி நீர்மட்டமும் மாறியிருக்கக்கூடும் என்று கூறிய பொறியாளர், மனை முழுவதும் புதிதாகத் துளையிடச் சொல்லாமல், பின்மூலையில் மட்டும் ஒரு துளையிட்டுப் பார்த்தால் போதும் என்றார். அந்த வேலை வரும் வாரம் தொடங்குகிறது.