ஆண்டிபட்டி தொகுதி வரலாறு தேட தேர்தல் கமிஷன் ரிப்போர்ட் எப்படி? ஒரு மாசம் உக்காந்து பாத்துட்டு எழுதுறேன்

முதல்லயே சொல்லிடுறேன், உங்க தொகுதில யார் யார் ஜெயிச்சாங்க, எத்தன ஓட்டுல ஜெயிச்சாங்கன்னு உருப்படியா தெரிஞ்சுக்கணும்னா தேர்தல் கமிஷன் வெப்சைட்ல கிடைக்குற ஸ்டாட்டிஸ்டிகல் ரிப்போர்ட்ட தாண்டி வேற எதுக்கும் காசு குடுக்க வேணாம். ஃப்ரீ தான். முதல் பொதுத்தேர்தல்ல இருந்து ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் தனித்தனி பிடிஎஃப் இருக்கு. நான் காசு குடுத்து ஏமாந்த பிறகு தான் இங்க வந்தேன், அதனால தான் இவ்ளோ பெருசா எழுதுறேன்.

நடந்தது என்னன்னா, எங்க அம்மா ஊர் ஆண்டிபட்டி பக்கம். எங்க மாமா 84ல இருந்து பூத் ஏஜெண்டா உக்காந்தவர், எந்தக் கட்சின்னு இங்க வேணாம். அவர் பிறந்தநாளுக்கு தொகுதி வரலாறுன்னு அச்சடிச்சு விக்குற ஒரு புத்தகத்த 180 ரூபா குடுத்து வாங்கிட்டுப் போனேன். யார் போட்டது, எங்க வாங்குனதுன்னு சொல்லல. மாமா கண்ணாடிய போட்டு ஆண்டிபட்டி பக்கத்த திறந்தார், ரெண்டே நிமிஷம் தான், மூடி கட்டில்ல வச்சுட்டார். "மாப்ள, 2001ல அந்தம்மா இங்க ஜெயிச்சதா போட்ருக்கான், அவுக மனுவே தள்ளுபடி ஆயிருச்சுடா, நான் பூத்துக்குள்ள உக்காந்திருந்தேன்ல"ன்னார். அந்தம்மான்னா ஜெயலலிதா. அன்னைக்கு ராத்திரியே சரி பாக்கலாம்னு உக்காந்தேன், ஒரு மாசம் ஓடிருச்சு.

ரிப்போர்ட் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்றேன். முன்னாடி கட்சிகளோட பட்டியல், எந்தக் கட்சிக்கு எத்தன சீட்டு எத்தன சதவீதம், ஜெயிச்சவங்க பட்டியல் எல்லாம் வரும். நமக்கு வேண்டியது கடைசில இருக்குற டீடெய்ல்டு ரிசல்ட். தொகுதி பேர் போட்டு, கீழ ஒவ்வொரு வேட்பாளரும் ஆணா பெண்ணா, என்ன கட்சி, எத்தன ஓட்டு, எத்தன சதவீதம்னு ஒரே வரில இருக்கும், சுயேச்சைங்க உட்பட ஒருத்தர் விடாம. எல்லாம் இங்கிலீஷ்ல தான் இருக்கும், மாமாவுக்கு நான் படிச்சு படிச்சு சொன்னேன். கட்சி பேர் சுருக்கமா தான் போட்டிருக்கும், அதனால முன்னாடி இருக்குற கட்சிப் பட்டியல முதல்ல பாத்துக்கோங்க, இல்லன்னா 1989 ரிப்போர்ட்ல நிச்சயமா முழிப்பீங்க. அதுல அதிமுகவுக்கு ஏடிகே ஜேஎல்னும் ஏடிகே ஜேஆர்னும் ரெண்டு இருக்கும். ஜேஎல்னா ஜெயலலிதா அணி, ஜேஆர்னா ஜானகி ராமச்சந்திரன் அணி. இரட்டை இலைய முடக்கிட்டதால ஒண்ணு சேவல், இன்னொண்ணு இரட்டைப் புறா.

84ல இருந்து வர்றேன், மாமா கதையும் அங்க தான் ஆரம்பிக்குது. எம்ஜிஆருக்கு அக்டோபர்ல உடம்பு முடியாம போயி அமெரிக்கால புரூக்ளின் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டாங்க, அங்க இருந்தபடியே தான் ஆண்டிபட்டில வேட்பாளர். ஒரு நாள் கூட தொகுதிக்கு வரல, வர முடியாது. ஆஸ்பத்திரில அவர் இருக்குற வீடியோவ ஊர் ஊரா போட்டுக் காட்டுனாங்க, கடமலைக்குண்டு பக்கம் திரை கட்டி போட்டப்ப பொம்பளைங்க அழுதது இன்னும் காதுல கேக்குதுன்னு மாமா சொல்வார். டிசம்பர் 24 ஓட்டுப்பதிவு. ரிப்போர்ட்ல பாத்தா எம்ஜிஆர் 60,510, திமுக தங்கராஜ் 28,026, வித்தியாசம் 32,484. அடுத்து மூணே வருஷத்துல, 1987ல, அதே டிசம்பர் 24 அவர் இறந்த நாள். இது வரைக்கும் இத நான் சேத்து யோசிச்சதே இல்ல, ரிப்போர்ட்ல தேதி பாத்தப்ப தான் பட்டுச்சு, கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

89ல அதிமுக ரெண்டா உடைஞ்சு ஜானகி அம்மா கணவர் எம்ஜிஆரோட தொகுதிலயே வந்து நின்னாங்க, தோத்தாங்க. ரெண்டு அணி பிரிச்சுக்கிட்டதுக்கு நடுவுல திமுகவோட ஆசையன் ஜெயிச்சார். பக்கத்துல போடில ஜெயலலிதா ஜெயிச்சு சட்டமன்றத்துக்கு போனாங்க. 91ல அதிமுக தவசி, 96ல மறுபடி ஆசையன். இதெல்லாம் அந்தந்த நேரத்து மாநில அலையோட போனது தான், பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப 2001, அந்த புத்தகம் சறுக்குன இடம். டான்சி வழக்குல, அதாவது அரசு நிறுவன நிலத்த வாங்குன ஊழல் வழக்குல, தண்டனை இருந்ததால ஜெயலலிதா மனு நிக்குமான்னே சந்தேகம். ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டைன்னு நாலு இடத்துல மனு போட்டாங்க, நாலும் தள்ளுபடி. ரெண்டு தொகுதிக்கு மேல ஒருத்தர் நிக்கக்கூடாதுன்னும் சட்டம் இருக்கு. ஆண்டிபட்டில தங்க தமிழ்ச்செல்வன் நின்னு ஜெயிச்சார். எம்எல்ஏ ஆகாமலே ஜெயலலிதா மே மாசம் முதல்வர் ஆனாங்க, செப்டம்பர் 21ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லி பதவி போச்சு, ஓபிஎஸ் வந்தார். டிசம்பர்ல ஹைகோர்ட் விடுதலை பண்ணுச்சு. அப்புறம் தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா பண்ண சீட்டுல 2002 பிப்ரவரி இடைத்தேர்தல், ஜெயலலிதா 78,437, திமுக வைகை சேகர் 37,236, 41,201 ஓட்டுல ஜெயிச்சு மார்ச் 2 மறுபடி முதல்வர்.

இந்த ரிவ்யூல நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இங்க தான் இருக்கு. பொதுத்தேர்தல் ரிப்போர்ட் 2001, அடுத்தது 2006. ரெண்டையும் அடுத்தடுத்து வச்சுப் பாத்தா 2001ல தங்க தமிழ்ச்செல்வன், 2006ல ஜெயலலிதான்னு தான் இருக்கும், 2002 அதுல வராது. ஏன்னா அது பொதுத்தேர்தல் ரிப்போர்ட், இடைத்தேர்தல் ரிசல்ட் தனியா இருக்கும். அது தப்பு இல்ல, அதோட கணக்கே அது தான். ஆனா ஆண்டிபட்டி மாதிரி தொகுதிக்கு பொதுத்தேர்தல மட்டும் வரிசையா எழுதுனா பாதி வரலாறு போயிரும். அந்த புத்தகத்துக்காரர் ரெண்டையும் குழப்பி ஒண்ணாக்கிட்டார்னு நினைக்குறேன், 2002ன்னு ஒரு வரி தனியா போட்டிருந்தா மாமா புத்தகத்த மூடியே இருக்க மாட்டார். அதனால உங்க தொகுதிய தேடும்போது இடைத்தேர்தல் பக்கத்தையும் கட்டாயம் திறங்க.

2006ல ஜெயலலிதா 73,927, திமுக சீமான் 48,741. இத பாத்துட்டு எனக்கு ரெண்டு பேர் போன் போட்டு நாம் தமிழர் சீமானான்னு கேட்டாங்க, இல்லங்க இவர் வேற சீமான், திமுக வேட்பாளர். அந்த வருஷம் ஜெயலலிதா தொகுதில ஜெயிச்சாங்க, ஆட்சி போச்சு. 2011ல அவங்க ஸ்ரீரங்கம் போக, ஆண்டிபட்டி மறுபடி தங்க தமிழ்ச்செல்வனுக்கு. 91,721க்கு 70,690, எதிர்ல திமுக மூக்கையா. 2016லயும் இதே ரெண்டு பேர், 1,03,129க்கு 72,933.

இங்க ஒண்ணு கவனிங்க, ஓட்டு எண்ணிக்கைய மட்டும் பாத்தா 2016ல தங்க தமிழ்ச்செல்வன் எம்ஜிஆர விட 42 ஆயிரம் ஓட்டு கூட வாங்கிருக்கார். ஆனா வித்தியாசம் 30,196 தான், எம்ஜிஆரோட 32,484ஐ தொடல. வாக்காளர் கூடிட்டாங்க, அவ்ளோ தான். அதோட 2008 மறுசீரமைப்புல தொகுதி எல்லைகள் மாறுச்சு, 2006ல இருந்த ஆண்டிபட்டியும் 2011ல இருந்த ஆண்டிபட்டியும் வரைபடத்துல ஒண்ணு இல்ல. சதவீதத்தையும் வித்தியாசத்தையும் பாருங்க, மொத்த ஓட்ட வச்சு யார் பெரிய ஆள்னு சண்டை போடாதீங்க. மாமாவும் அவர் கூட்டாளியும் டீக்கடைல இதே சண்டைய பல வருஷமா போட்டுட்டு இருந்தாங்க, பேப்பர்ல எழுதிக் காட்டுன பிறகு தான் நின்னுச்சு.

2017 செப்டம்பர் 18ல சபாநாயகர் தகுதிநீக்கம் பண்ண 18 எம்எல்ஏல தங்க தமிழ்ச்செல்வனும் ஒருத்தர். கோர்ட்டு கேஸு எல்லாம் முடிஞ்சு 2019 ஏப்ரல்ல மக்களவைத் தேர்தலோட சேத்து இடைத்தேர்தல். இந்த தேர்தல் தான் எனக்கு மனசுல நிக்குறது. திமுகல மகாராஜன், அதிமுகல லோகிராஜன், ரெண்டு பேரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. ஒரே வீட்டுல இருந்து ரெண்டு சின்னம். மகாராஜன் 87,079, லோகிராஜன் 74,756, வித்தியாசம் 12,323. ஆனா அந்த ரெண்டு வரியோட நிறுத்திடாதீங்க, மூணாவது வரில அதிமுகல இருந்து பிரிஞ்ச தினகரனோட அமமுகவுக்கு 28 ஆயிரத்துக்கு மேல இருக்கு, அதாவது ஜெயிச்ச வித்தியாசத்த விட ரெண்டு மடங்குக்கும் அதிகம். ஜெயிச்சவர் தோத்தவர் ரெண்டு பேர மட்டும் போடுற வெப்சைட்ல இது தெரியவே தெரியாது, எல்லா வேட்பாளரையும் போடுற பட்டியல்ல தான் தெரியும். 89ல கட்சி உடைஞ்சப்ப நடந்தது 30 வருஷம் கழிச்சு அதே மண்ணுல திரும்ப நடந்திருக்கு. 2021ல மறுபடி அண்ணன் தம்பி மோதல், மறுபடி மகாராஜன், 93,541க்கு 85,003, இந்த தடவ 8,538 தான். தங்க தமிழ்ச்செல்வன் 2019ல திமுகவுக்கு போயி 2021ல போடில ஓபிஎஸ்கிட்ட தோத்து, 2024ல தேனி எம்பி ஆனார். ஒரு தொகுதிய பிடிச்சுட்டு போனா இவ்ளோ பேரோட கதை வருது.

கூடவே இன்னொண்ணு, ஃபார்ம் 20. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல இருக்கும். தொகுதி மொத்தம் இல்ல, பூத் வாரியா ஓட்டு கணக்கு. இடது ஓரத்துல பூத் நம்பர், மேல வரிசையா வேட்பாளர் பேரு, அப்புறம் செல்லுபடியான ஓட்டு மொத்தம், நோட்டா, கடைசில டெண்டர் ஓட்டுக்கு (நம்ம பேர்ல வேற யாரோ முன்னாடியே போட்டுட்டா தனியா வாங்கி வைக்குற ஓட்டு) ஒரு கட்டம். தபால் ஓட்டு அடில தனியா சேப்பாங்க. பூத் நம்பர் தேர்தலுக்கு தேர்தல் மாறலாம், அதனால அந்தந்த தேர்தலோட வாக்குச்சாவடி பட்டியல பக்கத்துல வச்சுக்கிட்டு எந்தப் பள்ளிக்கூடம்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் பாருங்க. மொபைல்ல பாக்காதீங்க, கண்ணு போயிரும், கம்ப்யூட்டர் இல்லன்னா ஏ3 பேப்பர்ல பிரிண்ட் எடுத்துருங்க.

நான் பிரிண்ட் எடுத்துட்டு போனேன். மாமா ஸ்கேல வச்சு வரி வரியா கீழ இறங்கி அவர் உக்காந்த பூத்த கண்டுபிடிச்சார். விரல அந்த வரில வச்சுக்கிட்டு அன்னைக்கு சாயங்காலம் மெஷின சீல் வைக்குறப்ப அவர் குறிச்சுட்டு வந்த மொத்த ஓட்ட பழைய டைரில இருந்து எடுத்து ஒத்துப் பாத்தார். சரியா இருந்துச்சு. "இது சரக்கு மாப்ள"ன்னார், 180 ரூபா புத்தகத்த கட்டில்ல இருந்து எடுத்து என் கைலயே குடுத்துட்டார். இப்ப 84க்கும் இதே மாதிரி பூத் வாரியா வேணும்னு கேக்குறார். எனக்கு கிடைச்சது சமீப தேர்தலோடது மட்டும் தான். யாராச்சும் அந்தக் காலத்து பூத் கணக்க பேப்பர்ல எழுதி வச்சிருந்தா, முக்கியமா சக்கம்பட்டி, வருசநாடு பக்கத்து பழைய ஏஜெண்டுங்க யாராச்சும் இருந்தா, கீழ சொல்லுங்க, நேர்ல வந்து போட்டோ எடுத்துக்குறேன்.