மினி குடைமிளகாய் விதைன்னு காரமிளகாய் விதையை அனுப்பியிருக்காங்க, ஏமாந்துடாதீங்க

1,800 போச்சு. அதோட அஞ்சு மாசமும் போச்சு. விதை வித்தவங்களோட கடைசிப் பதில் இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு, அந்தச் சூட்டோடயே எழுதுறேன். மினி இனிப்புக் குடைமிளகாயை விதையிலிருந்து வளர்க்கப் போறவங்க படிச்சிட்டு வாங்குங்க.

எல்லாப் பொருளும் விக்கிற ஒரு ஆன்லைன் தளம், அதுல ஒரு விற்பனையாளர். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுன்னு நிறத்துக்கு ஒரு பாக்கெட், பாக்கெட்டுக்கு 20 விதை. மொத்தம் 60 விதைக்கு 1,800. "எஃப்1 கலப்பினம், முளைப்பு 90 சதவீதம், காரம் துளியும் கிடையாது"ன்னு போட்டிருந்தாங்க. எஃப்1ன்னா ரெண்டு தேர்ந்த ரகத்தைக் கலந்து எடுக்கிற முதல் தலைமுறை விதை; மினி ரகங்கள்ல நல்லது பலதும் எஃப்1தான், விலை கூடத்தான் இருக்கும்னு நம்பிப் பணத்தைக் கட்டினேன். அந்த ஒரு நிமிஷ நம்பிக்கைதான் எல்லாத்துக்கும் காரணம்.

வந்த பாக்கெட்ல காயோட படம் மட்டும்தான். ரகப் பெயர், லாட் எண் (எந்தத் தொகுப்பு விதைன்னு காட்டுற எண்), முளைப்புச் சோதனை செஞ்ச தேதி எதுவுமே இல்லை. விதையும் வெளிர் மஞ்சளா இல்லாம பாதிக்கு மேல பழுப்பேறிக் கிடந்துச்சு. மிளகாய் விதை சாதாரணமா வச்சிருந்தா ரெண்டு மூணு வருஷத்துல முளைப்பு சரிஞ்சிடும். பழுப்பு விதையைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பியிருக்கணும்.

விதைப்புல குறை வைக்கல. கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் கலந்த நாற்றுத்தட்டு, அரை சென்டிமீட்டர் ஆழம், கலவையோட சூடு 27–28 டிகிரி. இந்தச் சூட்டுல நல்ல விதை 7 முதல் 14 நாளுக்குள்ள முளைச்சிடும். 21 நாள் காத்திருந்தும் 60க்கு 22தான் வந்துச்சு.

புகார் கொடுத்தா, "ரிட்டர்ன் காலம் 10 நாள், முடிஞ்சிடுச்சு"ன்னு ஒரே வரி. விதை முளைக்கவே 14 நாள் ஆகலாம், காய் காரமா இனிப்பான்னு தெரிய நாலஞ்சு மாசம் ஆகும். அப்போ அந்த 10 நாள் யாருக்காக? "மண்ணு சூடா இருந்திருக்காது"ன்னாங்க. தெர்மாமீட்டர் படம் அனுப்பினேன், அதுக்கப்புறம் பேச்சே இல்லை.

தேறின 18 நாற்றை 12 லிட்டர் பைகள்ல நட்டேன். போன வாரம் காயை அறுத்தா, 13 செடியில கூர் நுனி, மெல்லிய தோல், உள்ள விதை ஒட்டியிருக்கிற வெள்ளைப் பகுதியைத் தொட்டாலே விரல் எரியுது. மீதி 5 செடியில காரம் இல்லை, ஆனா ஒண்ணு உருண்டை, ஒண்ணு நீளம், ஒண்ணு சப்பை. உண்மையான எஃப்1 விதைன்னா ஒரே பாக்கெட்ல வந்த செடியெல்லாம் ஒரே மாதிரிதான் காய்க்கும். இது காரமிளகாய்த் தோட்டத்துல கலந்துபோன காயை உதிர்த்து எடுத்த விதை.

மறுபடி எழுதினேன். "தண்ணி குறைச்சிருப்பீங்க, அதான் காரம் ஏறிடுச்சு"ன்னு பதில். பச்சைப் பொய். காரமிளகாய்ல வாட்டம் காரத்தைக் கூட்டலாம். இனிப்பு ரகத்துக்குக் காரப் பொருளை உண்டாக்குற மரபணுவே வேலை செய்யாது, எவ்வளவு காயப்போட்டாலும் காரம் வராது. அடுத்து, "பக்கத்துல மிளகாய்ச் செடி இருந்திருக்கும், மகரந்தம் கலந்திருக்கும்." அதுவும் பொய். நாம சாப்பிடுற சதை தாய்ச்செடியோடது. வெளி மகரந்தம் மாத்துறது உள்ள இருக்கிற விதையைத்தான், இந்தக் காயை இல்லை. கலப்பு நடந்தது அவங்க விதை எடுத்த இடத்துலதான். கடைசியா இன்னிக்கு என்ன கொடுத்தாங்க தெரியுமா? அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடி கூப்பன். 1,800 வாங்கிட்டு கூப்பன்!

வளர்ப்பு முறையை முழுசா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்போ கை ஓடல. அவசரமா இதை மட்டும் மனசுல வைங்க.

ரகப் பெயர், லாட் எண், சோதனைத் தேதி மூணும் பாக்கெட்ல இல்லைன்னா வாங்காதீங்க. நீல நிறக் குடைமிளகாய் படம் போட்டிருந்தா அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க, அப்படி ஒரு காயே கிடையாது. விதை வந்த அன்னிக்கே பாக்கெட்டைப் படம் எடுத்துட்டு, 10 விதையை ஈரத் தாள்ல மடிச்சுப் பையில போட்டு 28 டிகிரி சூட்டுல வைங்க. புது விதைன்னா ஏழெட்டு நாள்லயே வேர் நுனி தெரிய ஆரம்பிக்கும், ரிட்டர்ன் காலம் முடியறதுக்குள்ள புகார் கொடுத்திடலாம்.

இன்னொண்ணு. இந்தமாதிரி கலந்து வந்த செடிகள்ல காரம் இல்லாததா பார்த்து விதை எடுத்து வைக்காதீங்க. பக்கத்துலயே காரச் செடி பூத்திருக்கும், அதோட மகரந்தம் இதுல கலந்திருக்கலாம். காரம் ஓங்கி நிக்கிற குணம், மகரந்தம் கொடுத்த அப்பா செடிகிட்டருந்து மட்டும் வந்தாலே அடுத்த முறை காய் எரியும்.