எட்டு ஞாயிறு, 20,000 ரூபாய், ஒரு லைஃப் கோச்

வாழ்க்கையில் மாற்றம் தேடுகிறவர்களுக்குத் துணை நிற்கும் லைஃப் கோச் ஒருவரின் பேக்கேஜ் 20,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 23,600 என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஜிபே செய்துவிட்டு ரசீது கேட்டேன். வந்த ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், எந்த ரசீதைப் பார்த்தாலும் என் கண் முதலில் போகிற இடம் அதுதான். சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டாதவர்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் பதிவு இல்லாமல் வரி வசூலிக்கவும் கூடாது. இதைச் சொன்னதும் கோச்சாக இருக்கும் அந்தப் பெண் பதறிவிட்டார். தெரிந்த ஒருவரின் ரசீதைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டாராம். சாயங்காலத்துக்குள் 3,600 திரும்பி வந்தது. சரி, ஏமாற்றுகிற ஆள் இல்லை, விவரம் போதாத ஆள் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

நான் போனதற்குக் காரணம் ஒரு டிபன் கேரியர் மூடி. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். தைத்த உருப்படிக்கு இவ்வளவு கூலி என்கிற பீஸ் ரேட் கணக்கெல்லாம் முடித்து வீடு வர இரவு 11 ஆகும். அப்படி ஒரு சனிக்கிழமை, "சாப்பாடு என்ன?" என்று கணவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கையில் இருந்த மூடியை வீசிவிட்டேன். அது உருண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் நின்றது. அத்தை ஒரு வார்த்தை பேசாமல் விளக்குமாற்றால் அதை வெளியே தள்ளி எடுத்து, கழுவி, கவிழ்த்து வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் மெர்ச்சண்டைசிங்கில் இருக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லி அழுதபோது, அவள் கொடுத்த நம்பர்தான் இது.

கோச்சுக்கு 35 வயது இருக்கும். கோவை. முன்பு சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் ஹெச்ஆர். எட்டு வாரம், வாரம் 50 நிமிடம், ஜூமில். முதல் நாள் ஒரு வட்டத்தைத் திரையில் காட்டி, உடல்நலம், பணம், குடும்பம், வேலை என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். போட்டேன். அதை அப்புறம் அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் அதே நாளில் கேட்ட இன்னொரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்ன மாற்றம் வேண்டும் என்றார். "நிம்மதியா இருக்கணுங்க" என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது, அவர் தலையாட்டிவிட்டு, "நிம்மதி வந்துருச்சுன்னு வெச்சுக்கோங்க. காலைல ஏழு மணிக்கு நீங்க என்ன பண்ணிட்டு இருப்பீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, திரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், அவர் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் என் வாயில் வந்தது: "உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருப்பேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து காலைக் காப்பியை நான் நின்றுகொண்டே குடிக்கிறேன். டம்ளர் சிங்க் மேடையில் இருக்கும், ஒரு கை கரண்டியில் இருக்கும், பாதி ஆறிய பிறகு ஒரே மூச்சில் உள்ளே போகும்.

அந்த வாரத்து வேலை அதுதான். பால் பொங்கினதும் அடுப்பை அணைத்துவிட்டு, காப்பியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டும். 2,500 ரூபாய் கொடுத்து இதைக் கேட்கவா போனோம் என்றுதான் இருந்தது. முதல் மூன்று நாள் உட்காரவே முடியவில்லை, யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. நான்காம் நாள் அத்தையும் அவர் டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த மூடியைப் பற்றி நாங்கள் பேசவில்லை. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறியிருப்பதைப் பற்றிப் பேசினோம்.

கோச் வேலை செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். யோசனை சொல்லமாட்டார், கேள்விதான். என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யப் போகிறீர்கள் என்று நான்கு படி. கேட்டபோது, அது 1980களில் பிரிட்டனில் உருவான க்ரோ முறை என்றார். அதைப் பரப்பியவர்களில் ஜான் விட்மோர் என்பவர் முன்னாள் கார் பந்தய வீரராம். என் பாஷையில் சொன்னால் கோச் ஒரு ஆடிட்டர். கணக்கை நாம்தான் எழுத வேண்டும், அவர் வந்து வவுச்சர் எங்கே என்று கேட்பார். ஞாயிறு 11 மணிக்கு ஒருவர் கேட்கப்போகிறார் என்பதற்காகவே வெள்ளிக்கிழமை உட்கார்ந்து வேலையை முடித்த வாரங்கள் உண்டு.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று 21 கட்டம் போட்ட தாள் ஒன்றும் அனுப்பினார். இங்கே கொஞ்சம் முட்டிக்கொண்டோம். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை என்று வந்ததை நான் படித்திருந்தேன். நான் எக்செல்லில் 66 கட்டம் போட்டு அனுப்பினேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அப்படி ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

சறுக்கியது தம்பி விஷயத்தில். என் நோட்டில் அவன் பெயரில் 1,40,000 நிற்கிறது, நான்காம் வாரம் மேலும் 30,000 கேட்டான். "பவுண்டரி போடுங்க" என்றார் கோச், அதாவது இதற்கு மேல் இல்லை என்று எல்லை போடச் சொன்னார். கேள்விதான் கேட்பேன் என்றவர் யோசனை சொன்ன ஒரே இடம் இது. "இப்ப முடியாதுப்பா" என்று சொல்வதற்கு ஜூமிலேயே என்னை ஐந்து தடவை பழக்கினார். சொன்னேன். "சரிக்கா" என்று போனை வைத்தவன், அப்புறம் மூன்று வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவன் என் மகளுக்குத் தாய்மாமன். நாளைக்கு அவள் கல்யாணத்தில் சீர் எடுத்து வர வேண்டியவன். எங்கள் பக்கம் தோட்டத்துக்கு வேலி போட்டாலும் அடுத்த தோட்டத்துக்காரர் போய்வரத் தடம் விட்டுத்தான் போடுவார்கள். இதைச் சொன்னபோது, "நீங்க கில்ட் ஃபீல் பண்றீங்க" என்றார். இல்லை, குற்ற உணர்ச்சி இல்லை, இது வேறு. அது அவருக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் நானே ஒரு வழி பண்ணினேன். பழைய 1,40,000-ஐ வராக்கடன் என்று எழுதி அந்தப் பக்கத்தை மூடினேன். நேரில் போய், "அதைக் கேக்க மாட்டேன். இனி கடன் கிடையாது, குழந்தைங்க படிப்புக்குன்னா வருஷத்துக்கு பத்தாயிரம் நானே தரேன்" என்றேன். அவன் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள்.

ஐந்தாம் வாரம் பேச்சோடு பேச்சாக, ராத்திரி 3 மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வருகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றேன். கோச் உடனே நிறுத்திவிட்டார். "அக்கா, இது என் வேலை இல்ல. டாக்டரைப் பாத்துட்டுதான் அடுத்த செஷன்." போனேன். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார் டாக்டர். இரண்டு மாதத்தில் என் கோபத்தில் பாதி காணாமல் போனது. காப்பியால் குறைந்தது எவ்வளவு, மாத்திரையால் குறைந்தது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. 47 வயதில் எரிச்சலும் அசதியும் என்றால் முதலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கோச்சிடம் போகலாம், செலவும் குறைவு.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு வேண்டும். லைஃப் கோச் என்று போர்டு போட நம் நாட்டில் எந்த லைசென்சும் வேண்டாம். இவரிடம் 1995-ல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பின் ஏசிசி சான்றிதழ் இருந்தது. அது முதல் படி: குறைந்தது 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர அனுபவம். அந்த அமைப்பின் தளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்த்துக்கொள்ளலாம். மனசு ரொம்பவே தளர்ந்திருந்தால் கோச் வேண்டாம், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

குறைகள் இன்னும் உண்டு. தினமும் காலை 6 மணிக்குச் சூரியன் படம் போட்ட ஒரு பொன்மொழி வரும், மூன்றாம் நாளே மியூட் செய்துவிட்டேன். 'மைண்ட்செட்', 'லிமிட்டிங் பிலீஃப்' என்று பாதி நேரம் ஹெச்ஆர் பாஷை. எட்டாவது வாரம் முடியும்போது ஆறு மாதப் பேக்கேஜ் 48,000 என்றார். அவர் பழக்கிய வாக்கியத்தை அவருக்கே சொன்னேன்.

இத்தனைக்குப் பிறகும் எனக்குப் பணம் வீண் என்று தோன்றவில்லை, சனிக்கிழமைதான் காரணம். "லேட்டாகறதுல உங்க கையில இருக்கறது எது?" என்று ஆறாம் வாரம் கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் முதலாளி கையில் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் யோசித்தால், பீஸ் கணக்குச் சீட்டை கான்ட்ராக்டர்கள் சனி மாலை 4 மணிக்குக் கொண்டுவருகிறார்கள், அதற்கு மேல்தான் நான் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றவே தொடங்குகிறேன். வெள்ளி இரவுக்குள் சீட்டு வராவிட்டால் அந்த லைனுக்குச் சம்பளம் திங்கட்கிழமைதான் என்று சொல்லிப் பார்க்கலாமா? 22 வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முதலாளியிடம் கேட்டேன். "செய்யுங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

ஏழு கான்ட்ராக்டர்களில் ஐந்து பேர் இப்போது வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுகிறார்கள். எட்டரைக்கு வீட்டில் இருக்கிறேன். காஜா பட்டன் செக்‌ஷன்காரரும் அயர்ன்காரரும் மட்டும் இன்னும் சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் சீட்டோடு வந்து நிற்கிறார்கள்.