மருத்துவக் கல்லூரிக்கு முன் ஊட்டச்சத்து முதுகலை: படித்து முடித்து வார்டுக்கு வந்தபின் எழுதுகிறேன்

நியூயார்க்கில் ஓராண்டு ஊட்டச்சத்து எம்.எஸ். முடித்து, பிறகு எம்.டி. (அமெரிக்காவில் இளங்கலைக்குப் பின் சேரும் அடிப்படை மருத்துவப் படிப்பு) சேர்ந்து, இப்போது மூன்றாம் ஆண்டில் வார்டு வார்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நியூ ஜெர்சியில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைக்கு மெடிக்கல் பேச்சு வந்தாலே என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும்: "மார்க் கொஞ்சம் கம்மிப்பா, நியூட்ரிஷன் மாஸ்டர்ஸ் பண்ணா ஏறிடுமா?"

ஏறாது. எம்.டி. விண்ணப்பங்கள் ஆம்காஸ் (AMCAS) என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் பெரும்பாலும் போகின்றன. அது இளங்கலை ஜிபிஏவை (4.0-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) தனியாகவும் முதுகலை ஜிபிஏவைத் தனியாகவும் காட்டும். முதுகலையில் 4.0 வாங்கினாலும், இளங்கலையில் 3.2 என்றால் 3.2தான். அதோடு, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அறிவியல் ஜிபிஏ ஒன்று உண்டு. ஆம்காஸ் பட்டியலில் ஊட்டச்சத்து அந்த நான்கில் இல்லை, சுகாதார அறிவியல் பிரிவில் இருக்கிறது. இளங்கலை மார்க்கைத் தூக்குவதுதான் நோக்கம் என்றால், பட்டம் வாங்கியபின் இளங்கலை நிலையிலேயே எடுக்கும் போஸ்ட்-பேக் அறிவியல் பாடங்களைப் பாருங்கள். அவை இளங்கலைக் கணக்கில் சேரும்.

அப்படியானால் நான் ஏன் போனேன்? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சர்க்கரை. மாத்திரையைப் பற்றி மருத்துவக் கல்லூரி சொல்லித்தரும், சாப்பாட்டைப் பற்றி யார் சொல்லித்தருவார்கள் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அமெரிக்க மருத்துவப் படிப்பில் ஊட்டச்சத்துக்குக் குறைந்தது 25 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று தேசிய அறிவியல் அகாடமியின் அறிக்கை 1985-லேயே சொல்லிவிட்டது. 2010-ல் வெளியான கணக்கெடுப்பில் சராசரி 19.6 மணி நேரம்தான். நான்கு ஆண்டுப் படிப்பில் இவ்வளவுதானா என்று இன்றும் மனசு ஆறவில்லை.

முதல் பருவம் முழுக்க வளர்சிதை மாற்றம்தான். பட்டினி கிடக்கும் உடம்பு எந்த மணி நேரத்தில் எதை எரிக்கிறது என்று விடிய விடியப் படித்தது எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) உயிர்வேதியியலுக்கு நேரடியாகக் கைகொடுத்தது. நெடுநாள் சாப்பிடாமல் வந்த நோயாளிக்கு உணவு தொடங்கும்போது இரத்தத்தில் பாஸ்பேட் அளவை ஏன் விடாமல் பார்க்க வேண்டும் என்பது வார்டில் எனக்குப் புதிதாக இல்லை.

ஆனால் அங்கே நான் கற்றதில் மிகப் பெரியது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒழுங்காகக் கேட்பது. இதற்கு ஐந்து கட்ட முறை ஒன்று இருக்கிறது. முதலில் அவர்களைக் குறுக்கிடாமல் சொல்லவிட வேண்டும். அப்புறம் மறந்துபோகும் சங்கதிகள்: காபி, நொறுக்குத்தீனி, ஜூஸ். அடுத்து நேரம், பிறகு அளவும் செய்முறையும், கடைசியாக இன்னொரு முறை. வார்டில் டொமினிக்கன் பாட்டி ஒருவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. "சோற்றை நிறுத்திவிட்டேன்" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். காலையில் மங்கு, அதாவது வேகவைத்து மசித்த வாழைக்காய். எவ்வளவு என்று கையால் காட்டச் சொன்னேன். இரண்டு உள்ளங்கையையும் குவித்துக் காட்டினார். அவர் கணக்கில் அது காய்கறி! அளவைப் பாதியாக்கிக் கூடவே முட்டை வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவெடுத்தோம். மருந்துச் சீட்டில் எதுவும் கூட்டவில்லை.

சேரும் முன் இரண்டு விஷயத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்று, எல்லா ஊட்டச்சத்து முதுகலையும் டயட்டீஷியன் ஆக்கிவிடாது. 2024 முதல் டயட்டீஷியன் தேர்வுக்கு முதுகலை கட்டாயம். அது மட்டும் போதாது, அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டமும் மேற்பார்வைப் பயிற்சியும் வேண்டும். மெடிக்கல் கிடைக்காவிட்டால் இது கைகொடுக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். இரண்டு, காலக்கணக்கு. படிப்பு தொடங்கும் கோடையிலேயே விண்ணப்பித்தால் முதுகலை மார்க் எதுவும் அதில் இருக்காது. முடித்துவிட்டு விண்ணப்பித்தால் இடையில் இன்னொரு வருஷம் போகும். எந்த வழியில் போகப்போகிறோம் என்று முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள்.

கொலம்பியா, டஃப்ட்ஸ் என்று பெரிய பெயர்கள் இந்தத் துறையில் இருக்கின்றன. பாடங்கள் ஆழமானவை, செலவும் பெரியது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் (முதுகலை மாணவர்களுக்கான கூடுதல் அரசுக் கடன்) கிடையாது. முதுகலைக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர்தான். மன்ஹாட்டன் வாடகையையும் சேர்த்தால் அது எந்த மூலைக்கு? நான் வீட்டிலிருந்து ரயிலில் போய்வந்தேன். போய்வரும் தூரத்தில் ஒரு நல்ல படிப்பு இருந்தால் அதை முதலில் பாருங்கள்.