600 பவுண்டு கொடுத்து வாங்கிய பொய்த் தாத்தா

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. திருச்சியில் ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நின்றவள் நான். அப்படிப்பட்டவள் தங்க எழுத்தில் அச்சடித்த வம்சாவளிப் புத்தகம் ஒன்றுக்கு 600 பவுண்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். இங்கிலாந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் என்றைக்காவது முன்னோரைத் தேடும் ஆசை வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பூர்வீகம் இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்ஃபோக் கவுன்ட்டி. (கல்யாணமான அன்றே, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிவிட்டார். என் நாக்கு அதற்கு ஒத்துழைக்க மூன்று வருடம் ஆனது.) அவருடைய 80-வது பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. குடும்ப வம்சாவளியை ஆறே வாரத்தில், 1066 வரைக்கும் கண்டுபிடித்துத் தருவார்களாம். நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்த வருடம் அது! நம் பக்கம் தர்ப்பணத்தில் சொல்லவேண்டிய மூன்று தலைமுறைப் பெயருக்கே அத்தைக்குப் போன் போடுகிறோம். முப்பது தலைமுறை என்றதும் வாயைப் பிளந்துவிட்டேன்.

வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள். அனுப்பினேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கதை வேறு. 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளோ சேவையோ சரியில்லை என்றால், 1974-ம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவுப்படி கார்டு நிறுவனத்தையும் பிடித்து உலுக்கலாம். தள்ளுபடி என்று சொல்லி அவர்கள் கழற்றிவிட்டது அந்தப் பிடியைத்தான்.

புத்தகம் சொன்ன தேதிக்கு வந்தது. தோல் அட்டை, கூடவே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு குலச்சின்னம், அதில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு சிங்கம். விருந்தில் எல்லோரும் கை தட்டினார்கள். கொழுந்தன் தன் அப்பாவை "சர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

மூன்றாம் நாள் மாமனாரிடமிருந்து போன். "31-ம் பக்கத்தைப் பாரம்மா. இந்தப் பெண் 1702-ல் பிறந்திருக்கிறாள். அவளுடைய மகன் 1709-ல். எனக்குக் கழித்தல் மறந்துவிட்டதா?"

சிவப்புப் பேனாவோடு இருவரும் உட்கார்ந்தோம். ஒரு பக்கத்தில் 1497-ல் ஒருவருக்கு ஞானஸ்நானம் நடந்ததாக மாதம், நாள் உட்பட அச்சிட்டிருந்தார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு திருச்சபையும் பதிந்து வைக்கவேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டதே 1538-ல்தான். பதிவேடே இல்லாத காலத்துக்குத் தேதி எங்கிருந்து வந்தது?

சிங்கமும் டூப்தான். இங்கிலாந்தில் குலச்சின்னம் என்பது ஒரு தனி ஆளுக்கும் அவருடைய வழிவந்தவர்களுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் அது யாருக்கும் சொந்தமாகிவிடாது. 1484-லிருந்து லண்டனில் இதற்கென்றே இருக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது. எங்கள் குடும்பப் பெயரோ நார்ஃபோக்கில் தடுக்கி விழுந்தால் காதில் விழுகிற பெயர்.

இவையெல்லாம் சில்லறைத் தப்புகள். எல்லாவற்றையும் கவிழ்த்தது ஒரு வில்லியம். படையெடுத்து வந்தவர் இல்லை, மாமனாரின் முன்னோர், ஒரு விவசாயக் கூலி.

1841 சென்சஸில் அவருக்கு வயது 25, பிறந்தது அதே கவுன்ட்டி. அவ்வளவுதான் அதில் இருக்கும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆகவே 25 என்றால் 29 வரை எதுவும் இருக்கலாம். எந்த ஊரில் பிறந்தார் என்பதும் இராது. அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் அதே கிராமத்துத் திருச்சபைப் பதிவேட்டில் 1814 ஜூலையில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு வில்லியமைப் பிடித்தார். பையனின் அப்பா சொந்த நிலமுள்ள விவசாயி. அந்த அப்பாவின் வழியாக ஏறி ஒரு மாவீரர் வரைக்கும் போய்விட்டார்.

பத்து வருடம் தள்ளி 1851 சென்சஸைப் புரட்டியிருந்தால் போதும். அதில்தான் முதல்முறையாகப் பிறந்த ஊரின் பெயரைக் கேட்டு எழுதினார்கள். எங்கள் வில்லியம் 35 வயது, பிறந்தது ஏழு மைல் தள்ளி வேறு கிராமம். சரி, அந்த 1814 வில்லியம் என்ன ஆனான்? அடக்கப் பதிவேட்டைப் பார்த்தோம். 1813-லிருந்து அதில் வயதும் இருக்கும், நம் அதிர்ஷ்டம். 1815 ஏப்ரலில் அடக்கம், வயது ஒன்பது மாதம். தாத்தாக்களின் தாத்தா என்று தங்க எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தது செத்துப்போன ஒரு பச்சைக் குழந்தையை. மாமனார் பேனாவை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நாங்கள் செய்த வேலைக்கு ஆன செலவு பன்னிரண்டரை பவுண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1-லிருந்து அரசுப் பதிவு உண்டு. வில்லியமின் கல்யாணம் 1839-ல். பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கு அட்டவணை தருகிற ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகத் தேடி, தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் எடுத்துக்கொண்டு, பொதுப் பதிவு அலுவலகத்தில் நேரடியாகவே சான்றிதழ் வாங்கினோம். (இடையில் புகுந்து இதே சான்றிதழை இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கிற தளங்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை.) மணமகனின் அப்பா பெயர், தொழில் எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தது. 1851-ல் சொன்ன அந்த ஊர்ப் பதிவேட்டில் 1815 அக்டோபரில் ஒரு வில்லியம். அம்மாவின் பெயர், பக்கத்தில் 'சிங்கிள் உமன்' என்ற இரண்டு சொல். அப்பா பெயர் இல்லை. அதற்குமேல் ஆண்வழி அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்த நிறுவனத்துக்கு எழுதி ஆதாரம் கேட்டேன். ஆதாரங்கள் உள் தரவுத்தளத்தில் உள்ளன, வெளியிட இயலாது என்று பதில். இந்தத் தொழிலில் இதைவிட வெட்கங்கெட்ட பதில் கிடையாது. எந்தக் காப்பகம், எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று வரிக்கு வரி சொல்வதுதான் வேலையே. புத்தகத்தில் முக்கால்வாசி யார் யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த வம்ச மரங்களிலிருந்து எடுத்து ஒட்டியது. அந்த ஏழு வயதுத் தாய் அதே தேதிகளோடு நாலு மரங்களில் உட்கார்ந்திருக்கிறாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், தனிப்பட்ட முறையில் தயாரித்த பொருளுக்கு 14 நாள் ரத்து உரிமை செல்லாது என்றார்கள். அது நிஜம்தான். ஆனால் செய்கிற சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்று 2015-ம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்வதும் நிஜம். அதைக் குறிப்பிட்டு எழுதியதும் குரல் இறங்கியது. 100 பவுண்டு தருகிறோம், இதைப்பற்றி எங்கும் எழுதமாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போடவில்லை என்பது இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தது சிறு வழக்கு நீதிமன்றம்.

ஆள் வைத்துத்தான் தேடவேண்டும் என்றால், 1968-லிருந்து இருக்கும் ஆக்ரா (AGRA) என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் தொடங்குங்கள். அவர்களுக்கு நடத்தை விதி உண்டு, புகார் சொல்ல இடமும் உண்டு. முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை மாதிரிக்குக் கேளுங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள், இத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கொடுங்கள். எத்தனை தலைமுறை கிடைக்கும் என்று தேடுவதற்கு முன்பே சொல்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கூலிக் குடும்பங்களுக்கு 1700-களிலேயே தடம் மறைந்துபோவது சாதாரணம். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1640-களிலும் 50-களிலும், பல ஊர்ப் பதிவேடுகளில் பக்கம் பக்கமாக விடுபட்டிருக்கும்.

சிங்கத்தைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. மாமனாருக்கு இப்போது வில்லியமின் அம்மாமேல்தான் கவனம். அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால், பராமரிப்புச் செலவு ஊர்த்தலையில் விழக்கூடாது என்பதற்காக ஏழைநிதி அதிகாரிகள் அவளை விசாரித்து அப்பனின் பெயரை எழுதி வாங்குவார்கள். அந்தக் காகிதங்கள் சில ஊர்களுக்கு மிஞ்சியிருக்கின்றன, சில ஊர்களுக்கு இல்லை. அடுத்த மாதம் நாரிச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்துக்கு இருவரும் போகிறோம். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். அவர் இப்போதே ஆறு பென்சில் சீவி வைத்திருக்கிறார்.