எபாக்சி பூசிய கான்கிரீட் தரை: ஆண்டுக்கணக்கில் புழங்கிய பின்

பட்டறையிலும் அதை ஒட்டிய வாகன நிறுத்துமிடத்திலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்துக்கு எபாக்சி என்னும் இருபாகப் பிசின் பூச்சைப் பூசி, இரண்டு தரைகளையும் ஆண்டுக்கணக்கில் அன்றாடம் புழங்கி வருகிறேன். சிமென்ட் தூசி எழுவதில்லை. சிந்திய எண்ணெயைத் துணியால் துடைத்தால் தடம் தெரிவதில்லை. இதற்குப் பூச்சின் தரம் ஒரு காரணம்தான் என்றாலும், பூசிய முதல் வாரத்தில் தரையைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைத்ததே பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கரைப்பான் ஆவியாவதால் காயும் சாதாரணப் பெயின்டைப் போலன்றி, எபாக்சி, அதன் இரு பாகங்களான ரெசினும் (பிசின்) ஹார்ட்னரும் (இறுக்கி) வேதிவினை புரிவதால் இறுகுகிறது. விரலில் ஒட்டாத நிலை சில மணி நேரத்திலேயே வந்துவிடும். உள்ளே வினை தொடர்ந்துகொண்டுதான் இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் பெரும்பாலான வகைகளின் மேல் 24 மணி நேரத்துக்குப் பின் நடக்கலாம். எண்ணெயையும் அமிலத்தையும் தாங்கும் முழு இறுக்கத்துக்கு 7 நாட்கள் வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வினையின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடுவதால், குளிர்காலத்தில் காத்திருப்பும் அதற்கேற்ப நீளும். கரைப்பானில்லாத எபாக்சிக்கு மின்விசிறியைச் சுழலவிட்டு ஒரு பயனும் இல்லை. ஈரப்பூச்சின் மேல் தூசி படிவதுதான் மிச்சம்.

வேலைக்கு வந்தவர்கள் மறுநாளே ஓர் இரும்பு அலமாரியை மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அதன் நான்கு கால்களும் அழுந்திய பள்ளங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றின் விளிம்பில் மயிரிழை போன்ற விரிசல்களும் ஓடுகின்றன. அதே தரையில் 7 நாட்கள் கழித்து வண்டி ஏறிய பகுதியில் சூடான டயர்கூடப் பூச்சை உரித்தெடுக்கவில்லை.

நேரத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது ஈரத்துக்குத்தான். பூசுமுன் புதிய கான்கிரீட்டை 28 நாட்கள் விட்டுவைப்பது வழக்கம் என்றாலும், அதை மட்டும் நம்பக் கூடாது. பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு பக்கமும் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்தால், அடியில் படிந்த நீர்த்துளியோ கறுத்த கான்கிரீட்டோ உண்மையைச் சொல்லிவிடும். வெயில் ஏறும் காலையில் பூசினால், சூடாகும் கான்கிரீட்டிலிருந்து காற்று வெளியேறி ஊசித்துளைகள் விழும். வெப்பம் இறங்கும் மாலையில் பூசினாலோ பனி படியும் அபாயம் உண்டு. ஆகவே, நீர் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடத் தரை குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரோலரை எடுக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தபோது பூசிய பகுதியில், அமீன் என்னும் வேதிப்பொருள் கொண்ட ஹார்ட்னர் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்ததால், மெழுகு தடவியதுபோல் ஒரு வெண்படலம் வந்தது. அதை வெதுவெதுப்பான சோப்பு நீரால் கழுவிய பிறகுதான் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இல்லையேல் படலம் எங்கும் பரவி, அடுத்த பூச்சு பிடிக்காது.

சன்னலோரம் வெயில் படும் இடம் மஞ்சளித்திருக்கிறது. எவ்வளவு நன்றாக இறுகியிருந்தாலும் புற ஊதாக் கதிரை எபாக்சி தாங்காது. அங்கே வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் என்ற மேற்பூச்சு கொடுக்க இருக்கிறேன். முழுதும் இறுகிவிட்ட பழைய பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகே அதைப் பூச முடியும்.